நிற்கத் தெரியாத அக்கா

சுங்கை வேயில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்த அக்கா, ஒரு நாளும் எங்கள் வீட்டு நாற்காலியில் முழுதாக உட்கார்ந்ததில்லை. ஓரத்தில் ஒட்டிக்கொள்வார். தேநீர் கொடுத்தால் ஊதிக்கூடக் குடிக்கமாட்டார். சுடச்சுட இரண்டு மடக்கில் உள்ளே தள்ளிவிட்டு, "சரிம்மா, நான் கெளம்புறேன்" என்று எழுந்துவிடுவார். வந்த விஷயம் என்ன என்பதை வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டேதான் சொல்வார். அதற்குள் கைபேசி அலறும். எடுத்த எடுப்பில் "வந்துட்டே இருக்கேன்" என்பார். யார், எங்கே, எதற்கு என்பதெல்லாம் அப்புறம்.

எனக்குப் பொறுமை கிடையாது என்று என் வீட்டில் ஒரு காலத்தில் குறை சொல்வார்கள். அக்காவோடு பழக ஆரம்பித்த பிறகு அந்தப் பேச்சு நின்றுபோனது. அவர் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நானெல்லாம் அம்மிக்கல்.

அக்காவுக்குத் தொழில் கல்யாணச் சமையல். சக்கரம் வைத்த ஒரு சமையலறையே அவரிடம் இருந்தது. பிக்-அப் வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற ட்ரெய்லர். உள்ளே மூன்று பெரிய அடுப்புகள், கேஸ் சிலிண்டர் வைக்க இரும்புக் கூண்டு, பக்கவாட்டில் தகரக் கதவு. அந்தக் கதவைத் திறந்து கீழே சாய்த்தால் காய் நறுக்குகிற மேசையாகிவிடும். கிள்ளானில் கல்யாணம், பூச்சோங்கில் காது குத்து, பிரிக்ஃபீல்ட்ஸில் அறுபதாம் கல்யாணம் என்று வாரக் கடைசியானால் அந்த ட்ரெய்லர் ஓடிக்கொண்டே இருக்கும். நான் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு கிளினிக்கில் கவுண்டர் வேலை பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை நான் சும்மா இருப்பது அவர் கண்ணுக்குப் பொறுக்காது. கேட்டுக்கு வெளியே நின்று ஹாரன் அடிப்பார். நானும் எதையோ முனகிக்கொண்டு போய் ஏறிவிடுவேன். ஏன் போனேன் என்று கேட்டால், வீட்டில் இருப்பதைவிட அங்கே நேரம் வேகமாக ஓடியது என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

"நின்னா அடிபிடிச்சிரும்" என்பது அவருடைய பேச்சு. பாயசம் கிண்டுகிறபோது சொன்னால் சரி. எல்லாவற்றுக்கும் அதையே சொல்வார். சிவப்பு விளக்கில் வண்டி நின்றால் சொல்வார். பேங்க் வரிசையில் சொல்வார். மழை விடட்டும் என்று யாராவது ஒதுங்கினால் அவர்களையும் பிடித்துத் தள்ளிக்கொண்டே சொல்வார்.

ஒரு முறை கையில் எண்ணெய் பட்டுக் கொப்பளித்துப்போய் என் கிளினிக்குக்கே வந்தார். நம்பர் கொடுத்தேன். திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம். நம்பர் வந்தது, போனது. அவருக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாம் மருந்து வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருப்பார்கள். அக்கா இரண்டு கை நிறைய வெண்டைக்காயும் பீன்ஸுமாக வந்து நின்றார்.

"எங்கக்கா போனீங்க?"

"பாசாருக்குத்தான் லா. சும்மா உக்காந்து செவுத்தப் பாத்துக்கிட்டு இருக்கச் சொல்றியா? கூப்பிட்டப்ப ஒரு போன் போட்டா என்ன நீ?"

டாக்டர் கட்டுப் போட்டுவிட்டு, மூன்று நாள் விடுப்புக்கு எம்.சி. எழுதிக் கொடுத்தார். அக்கா அந்தத் தாளை மேலும் கீழும் பார்த்துச் சிரித்தார். "இத நான் யாருகிட்டக் குடுக்க? அடுப்புகிட்டயா?" என்று கேட்டு, என் மேசையிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

தீபாவளிக்கு முன்னால் பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் வண்டி ஓட்டியவர்களுக்கு அந்த நெரிசல் தெரியும். அப்படி ஒரு சாயங்காலம், பின்னால் ட்ரெய்லரோடு மாட்டிக்கொண்டோம். அக்கா ஸ்டியரிங்கைத் தட்டினார், கண்ணாடியை இறக்கினார், ஏற்றினார். பிறகு சட்டென்று கதவைத் திறந்து இறங்கிவிட்டார். "நீ பாத்துக்கோ, நான் எலை வாங்கிட்டு வந்துர்றேன்." ட்ரெய்லர் மாட்டிய வண்டியை நான் அதற்கு முன் தொட்டதே இல்லை. வியர்த்து விறுவிறுத்து ஓட்டுநர் இருக்கைக்கு மாறி உட்கார்ந்து, பின்னால் இருந்த பஸ்காரனிடம் கண்ணாடி வழியாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தேன். வாழையிலைக் கட்டோடு அவர் திரும்பி வந்தபோது வண்டி ஒரு விளக்குக் கம்ப தூரம்தான் நகர்ந்திருந்தது. அக்காவுக்கு அப்படி ஒரு சந்தோஷம். நேரத்தை ஏமாற்றிவிட்டாராம்.

இத்தனை கல்யாணத்துக்குப் போனவர், ஒரு கல்யாணத்தையும் பார்த்ததில்லை என்பது எனக்கு வெகுநாள் தெரியாது. கிள்ளானில் ஒரு கோயில் கல்யாணத்தில், பெண்ணின் கழுத்தில் கிடந்த மாலையைப் பற்றி நான் ஏதோ சொன்னேன். அக்கா வடை மாவைத் தட்டிக்கொண்டே, "எனக்கென்னம்மா தெரியும், நான் எங்க பாத்தேன்" என்றார்.

"எட்டிப் பாக்கறதுதானே, இந்தா இருக்கு மண்டபம்."

"கெட்டிமேளம் சத்தம் கேட்டாதான் நான் வடையப் போடுவேன். தாலி ஏறுன கையோட சனம் பந்திக்கு ஓடி வந்துரும். அப்பப் போட்டாதான் எலையில விழும்போது சூடா இருக்கும். அந்த நேரத்துல எட்டிப் பாத்தா இங்க யாரு போடுறது?"

அது உண்மைதான். மண்டபத்தில் எல்லாரும் அட்சதையைக் கையில் வைத்துக்கொண்டு கழுத்தை நீட்டுகிற அந்த நொடியில், பின்கட்டில் அவர் கொதிக்கிற எண்ணெய்க்கு முன்னால் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார். மேளம் முழங்கியதும் வடைகள் உள்ளே விழும். அவருக்குத் தெரிந்த கல்யாணம் அவ்வளவுதான். நான் அதைத் தொழில் சுத்தம் என்றுதான் நினைத்தேன்.

அவருக்கு ஒரே மகள். பூச்சோங்கில் வேலை, கெட்டிக்காரி, அம்மாவுக்கு நேர்மாறாக நிதானம். அப்பா லோரி ஓட்டியவர். அவள் ஆரம்பப் பள்ளியில் படிக்கும்போதே இறந்துவிட்டார். அந்தப் பெண்ணுக்குப் பெந்தோங்கில் மாப்பிள்ளை அமைந்தது. மாப்பிள்ளையின் தகப்பனார் அங்கே ஒரு கோயில் கமிட்டியில் இருந்ததால் கல்யாணமும் அந்தக் கோயிலிலேயே என்று முடிவானது. அப்படியானால் சமையல் என்னுடையது என்று அக்கா சொன்ன இடத்தில் சண்டை ஆரம்பித்தது. நான் கொத்தமல்லி ஆய்ந்துகொண்டு அங்கேயேதான் இருந்தேன்.

"மா, நீ ஒரு பட்டுப் பொடவையக் கட்டிக்கிட்டு முன்னால வந்து உக்காரு. நான் தாலி கட்டிக்கிறதப் பாரு. வேற ஒண்ணும் நான் கேக்கல."

"சமைச்சு வச்சிட்டு வந்து உக்கார்றேன்."

"நீ உக்கார மாட்ட. எனக்குத் தெரியும்."

"உக்காருவேன் லா! கெட்டிமேளத்துக்கு முன்னாடி கரண்டிய இவகிட்டக் குடுத்துட்டு வந்துருவேன். போதுமா?"

இவள் என்றால் நான். மகள் என்னைக் கேட் வரை கூட்டிக்கொண்டு வந்து, கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, நீங்கதான் பொறுப்பு. எங்கம்மா என் கல்யாணத்தையாச்சும் பாக்கணும். அந்த நேரத்துல அவங்க அங்க இல்லன்னா எனக்கு அது கல்யாணமே இல்ல." அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் அக்காவின் பழைய வண்டி படுத்துவிட்டது. பூச்சோங்கில் அவர் வழக்கமாகப் போகிற பட்டறைக்காரர் இன்னொரு பிக்-அப் பிடித்துக் கொடுத்தார். இது ஆட்டோ கியர். அக்கா வாழ்நாள் முழுக்கக் கையால் கியர் போட்டு ஓட்டியவர்.

"அக்கா, இது பழைய வண்டி மாதிரி இல்ல. ஏத்தத்துல பாரம் இழுத்தா கியர்பாக்ஸ் சூடாயிரும். மெதுவாப் போங்க. மஞ்ச வெளக்கு எரிஞ்சா ஓரங்கட்டிருங்க" என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அக்கா, "சரி சரி" என்று வண்டியைத் தெருவுக்கு இறக்கியாயிற்று. அவர் சன்னலோடு நடந்து வந்து மீதியைச் சொன்னார்.

கல்யாணத்தன்று விடிகாலை நான் போனபோது, கிளம்பியிருக்க வேண்டிய வண்டி வாசலிலேயே நின்றது. அக்கா பைப்படியில் இருந்தார். ரப்பர் குழாய் வழியாக நீல டிரம்களில் தண்ணீர் நிறைந்துகொண்டிருந்தது.

"இது எதுக்குக்கா?"

"சாம்பாருக்கு. சோத்துக்கு."

"பெந்தோங்ல தண்ணி இல்லயா?"

"அந்த ஊரு தண்ணி எனக்குப் பழக்கமில்ல. பருப்பு வெந்தாலும் வேகும், வேகாட்டியும் போகும். என் மக கல்யாணத்துல நான் பரீட்ச பண்ணிப் பாக்க முடியுமா?"

மலையிலிருந்து தண்ணீர் கொட்டுகிற ஊருக்கு சுங்கை வே குழாய்த் தண்ணீரை டிரம் டிரம்மாக ஏற்றிக்கொண்டு போகிற ஆளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. வெளியூர்ச் சமையல் என்றால் அவர் எப்போதும் அப்படித்தானாம். கிள்ளானுக்குக்கூட எடுத்துப் போயிருக்கிறார். அதெல்லாம் சமதரை. பெந்தோங்குக்கு காராக் நெடுஞ்சாலையில் மலை ஏற வேண்டும். அண்டா, அரிசி மூட்டை, அடுப்பு, சிலிண்டர், அதற்கு மேல் இந்தத் தண்ணீர். ட்ரெய்லரின் டயர்கள் பிதுங்கிக்கொண்டு நின்றன. நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் இன்னும் தாமதமாகும் என்று நினைத்தேன்.

கோம்பாக் டோல் சாவடியைத் தாண்டியதும் ஏற்றம் தொடங்கிவிடும். மலை உச்சியில் இருக்கிற கெந்திங் செம்பா வரை விடாது. அக்கா எண்ணெய் மிதியைத் தரையோடு அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எஞ்சின் கத்தியது, வேகம் மட்டும் குறைந்துகொண்டே வந்தது. முட்டைக்கோசு லோரி ஒன்று எங்களைத் தாண்டிப் போனது. அக்காவுக்கு ரோஷம் வந்து இன்னும் அழுத்தினார். அப்போது மஞ்சள் விளக்கு எரிந்தது. கூடவே ஒரு கருகல் வாடை.

"என்னமோ அடிபிடிக்குது" என்று அவர் வழக்கம்போலப் பின்னால் திரும்பி ட்ரெய்லரைப் பார்த்தார்.

"வண்டிதான்க்கா அடிபிடிக்குது. ஓரங்கட்டுங்க!"

எமர்ஜென்சி லேனில் நிறுத்தி, பட்டறைக்காரரைக் கூப்பிட்டேன். எஞ்சினை அணைக்காதே, கியரைப் பார்க்கிங்கில் போடு, ஏர்கோன் வேண்டாம், அரை மணி நேரம் அப்படியே நிற்கட்டும் என்றார். கியருக்குள் ஓடுகிற எண்ணெய் சுற்றிச்சுற்றி வந்து ஆற வேண்டுமாம். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். அக்கா குனிந்து போனுக்குள் கத்தினார்: "அர மணி நேரமா? மேல தண்ணிய ஊத்துனா ஆறாதா? டிரம் டிரம்மா வச்சிருக்கேன்!"

"அய்யோ அக்கா, ஊத்திராதீங்க! வெடிச்சிரப் போவுது. அது தானா ஆறணும். நீங்க சும்மா நின்னாப் போதும்."

அவருக்கு ஆகாத ஒரே வேலையைச் சொல்லிவிட்டார். அக்கா வண்டியைச் சுற்றி நடந்தார். சக்கரத்தை உதைத்தார். தகரக் கதவைச் சாய்த்து, பக்கத்தில் பஸ்ஸும் லோரியும் பறக்கிற அந்த இடத்தில் பீன்ஸ் நறுக்க உட்கார்ந்தார். முதல் நாளே பெந்தோங் போய்விட்ட மகள் கூப்பிட்டாள். "வந்துட்டே இருக்கேன்" என்றார். ஒரு கட்டு பீன்ஸ் முடிவதற்குள் எழுந்து, "வெளக்கு அணைஞ்சிருச்சு, ஏறு" என்றார். அரை மணி நேரத்தில் பாதிகூட ஆகவில்லை. எனக்கும் நேரமாகிறதே என்ற பதைப்பு. ஏறிவிட்டேன்.

கொஞ்ச தூரம்தான். மறுபடி விளக்கு, மறுபடி வாடை. இந்த முறை தண்ணீரைக் கொட்டலாம் என்று நான் சொன்னேன். அக்கா ஒப்பவில்லை. அரிசியை வேண்டுமானால் இறக்கு என்றார், தண்ணீரைத் தரமாட்டேன் என்றார். கடைசியில் நானே ஏறி டிரம் மூடிகளைத் திறந்து சாய்த்தேன். சுங்கை வே தண்ணீர் மலைச்சரிவுக் கால்வாயில் ஓடியது. அதே கால்வாயில் மேலேயிருந்து ஏற்கெனவே ஓர் ஓடை சலசலவென்று வந்துகொண்டிருந்தது. அக்கா அதைப் பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். டிரம்கள் காலியானதும், "இப்ப பாரம் கொறஞ்சிருச்சுல்ல, போலாம்" என்று மறுபடி கியரைப் போட்டார். வேண்டாம் என்று நான் சொன்னது அவர் காதில் விழவே இல்லை.

மூன்றாவது முறை நின்றபோது வண்டி தானாகவே நின்றது. எஞ்சின் உறுமுகிறது, சக்கரம் அசையவில்லை. நல்லவேளையாக ஓரத்தில் அகலமான இடம் இருந்தது. பட்டறைக்காரர் இப்போது அதட்டினார். "ட்ரெய்லரக் கழட்டிருங்க. இனி அதோட ஏத்துனீங்கன்னா கியர்பாக்ஸ் ஹாபிஸ், முடிஞ்சிரும். வண்டி மட்டும்னா, நல்லா ஆறவிட்டு, சின்ன கியர்ல மெதுவாப் போயிரலாம்."

முகூர்த்தம் பத்தரைக்கு. பொறுமையாக ஒரே ஒரு முறை நின்றிருந்தால் இந்நேரம் பெந்தோங்கில் இருந்திருப்போம். வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். நெடுஞ்சாலை ரோந்து வண்டியில் வந்த மலாய்க்கார இளைஞர் ட்ரெய்லரைக் கழற்றக் கை கொடுத்தார், சிவப்புக் கூம்புகளை வைத்தார். இழுவை லோரி வரும்வரை சிலிண்டர்கள் இருப்பதால் ஒருவர் கூடவே இருக்க வேண்டும் என்றார். நான் வாயெடுப்பதற்குள் அக்கா என் கையில் வண்டிச் சாவியைத் திணித்தார்.

"நீ போம்மா. போயி அவகிட்ட சொல்லு. நான் சாமான் கூட இருக்கேன்."

"எங்கக்கா போறது?"

"கல்யாணத்துக்குத்தான்."

"உங்க மக கல்யாணத்துக்கு நான் போயி என்ன பண்றது?"

"அட்சத போடு. நீயும் அவளுக்கு அக்காதானே."

எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது. விடிகாலையிலிருந்து அடக்கி வைத்ததெல்லாம் சேர்ந்து வந்தது. "உங்களுக்கு இது வசதியாப் போச்சுல்லக்கா?" என்று கத்தினேன். "வண்டி நின்னது ரொம்ப வசதியாப் போச்சு. அந்தப் பொண்ணு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. வந்து உக்காருன்னு. அதக்கூட உங்களால செய்ய முடியல." ரோந்துக்கார இளைஞருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

அக்கா திருப்பிச் சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை. காலி டிரம் ஒன்றைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தார். முழுதாக உட்கார்ந்தார். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

"சமையல்கட்டு இல்லாத கல்யாணத்துல நான் எங்கம்மா நிப்பேன்?" என்றார்.

பிறகு அவரே சொன்னார். "அவரு செத்த வருஷம் எங்கண்ணன் மகனுக்குக் கல்யாணம். மொத வரிசையில போயி உக்காந்திருந்தேன். எங்கண்ணி வந்து காதுல சொல்லிச்சு, கொஞ்சம் பின்னால போயிரு, பொண்ணு வர்ற வழின்னு. தப்பாவெல்லாம் சொல்லல, தன்மையாத்தான் சொல்லிச்சு. எந்திரிச்சுப் பின்னால போனேன். அங்கயும் யாரோ திரும்பிப் பாத்த மாதிரி இருந்துச்சு. இன்னும் பின்னால போனேன். அதுக்கு மேல போறதுக்கு எடமில்ல, சமையல்கட்டுதான். ஒரு பொம்பள ஒண்டியாக் குந்தி வெங்காயம் உரிச்சிக்கிட்டு இருந்துச்சு. நானும் உக்காந்து உரிச்சேன். யாரும் என்னய அங்கேருந்து போகச் சொல்லல."

லோரிகள் போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொன்றும் போகும்போது தகரக் கதவு அதிர்ந்தது. இத்தனை வருடம் அவர் பின்னால் ஓடியிருக்கிறேன், கேலி பண்ணியிருக்கிறேன், இது எதற்கான ஓட்டம் என்று ஒரு நாள்கூடக் கேட்டதில்லை. பாவம் என்று சொன்னால் அவருக்குப் பிடிக்காது.

"உங்க மக உங்கள பின்னால போகச் சொல்லலையேக்கா," என்றேன். "முன்னாலதானே வரச் சொல்றா."

"நாலு பேரு இருப்பாங்கம்மா."

"இருக்கட்டும். அவ கல்யாணம், அவதானே சொல்லணும்?"

கைபேசி அடித்தது. மகள். அக்கா திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எடுத்ததும் எப்போதும் சொல்கிறதைச் சொல்லவில்லை. "நின்னுட்டேன்மா," என்றார். "வண்டி ஏறல. ட்ரெய்லரக் கழட்டியாச்சு. சாப்பாடு வராது."

அந்தப் பக்கம் நாதஸ்வரச் சத்தம் கேட்டது. பிறகு மகளின் குரல்: "சாப்பாட்ட விடு. கமிட்டிக்காரங்க இங்க சோறு வடிச்சிருவாங்க. நீ வருவியா?"

அக்கா என்னைப் பார்த்தார். நான் சாவியை நீட்டினேன்.

"வரேன்," என்றார்.

பட்டுப் புடவை ஒரு பிளாஸ்டிக் பையில் அரிசி மூட்டைக்கு அடியில் கிடந்தது. ட்ரெய்லருக்குள் நுழைந்து தகரக் கதவைச் சாத்திக்கொண்டு கட்டினார். வெளியே வந்தபோது மயில் கழுத்து நிறம், நல்ல சரிகை. விரலெல்லாம் மஞ்சள் கறை. எனக்குப் பார்க்க அழகாக இருந்தது, சொன்னேன். "சீ, போ" என்றார். விளக்கு அணைந்த பிறகும் நான் அவரை வண்டியை எடுக்கவிடவில்லை. அவரும் அவசரப்படவில்லை. பிறகு சின்ன கியரில் போட்டு, மிதியை மிதிக்காமல் மிதித்து, ஊர்வலம் போகிற வேகத்தில் மேலே ஏறிப் போனார். வளைவில் வண்டி மறைகிற வரை வந்த லோரியெல்லாம் அவரைத் தாண்டிப் போயின. அவர் எதையும் துரத்தவில்லை.

நான் ட்ரெய்லரோடு உட்கார்ந்திருந்தேன். உட்கார்ந்திருந்தேன் என்று சொல்லிக்கொள்கிறேனே தவிர, நடந்துகொண்டிருந்தேன். மணி பார்த்தேன். கூம்பிலிருந்து கூம்புக்கு நடந்தேன். செம்பா தாண்டியிருப்பாரா, இறக்கத்தில் வேகம் பிடித்திருப்பாரா, கோயில் வாசலில் யாராவது ஏதாவது சொல்லிவைத்து அவர் நேராகப் பின்கட்டுக்கு நடந்துவிட்டிருப்பாரா? கோயில் சமையலறையில் அவர்கள் சாம்பார் வைத்துக்கொண்டிருப்பார்களே, எட்டிப் பார்க்காமல் இருப்பாரா? அன்றைய சாம்பாரைப் பற்றிப் பின்னாளில் அவர் சொன்ன குறைகள் கொஞ்சமல்ல. மகளோடு ஜொகூருக்குக் குடிபோன பிறகும், என்றைக்காவது போனில் பேசினால், "பருப்பு நறுக்கு நறுக்குன்னு இருந்துச்சும்மா" என்பார். ரோந்துக்கார இளைஞர் என் நடையைப் பார்த்துவிட்டு ஒரு மினரல் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். "காக், டுடுக் லா டுலு" என்றார், முதலில் உட்காருங்கள் என்று. நான் வாங்கிக்கொண்டு நடந்தேன்.

பத்தரை ஆனது. தாண்டியது. போன் அடிக்கவில்லை. நானாகக் கூப்பிடப் பயமாக இருந்தது. கூப்பிட்டு, பின்னணியில் பாத்திரச் சத்தம் கேட்டால் அந்தப் பெண்ணின் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்?

பதினொன்றுக்குப் பக்கத்தில் அடித்தது. எடுத்தேன். மேளம் முழங்கிக்கொண்டிருந்தது. குழந்தைகள் கத்துகிறார்கள், யாரோ பந்திக்கு வாங்க என்கிறார்கள். அக்காவின் மூச்சு மட்டும் கேட்டது.

"அக்கா? எங்க இருக்கீங்க?"

"முன்னாலதாம்மா இருக்கேன். அவ பக்கத்துல." குரல் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. "பாத்துட்டேன்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. "சந்தோஷம்க்கா" என்றேன்.

"மாப்பிள்ளைக்குக் கை நடுங்குதும்மா. மூணு முடிச்சுப் போடுற வரைக்கும் நடுங்கிக்கிட்டே இருந்துச்சு. எல்லாருக்கும் இப்பிடித்தான் நடுங்குமா?"

"ஆமாக்கா. அநேகமா எல்லாருக்கும்தான்."

மேளம் ஓய்ந்தது. அவர் போனை வைக்கவில்லை.

"எனக்குக் கட்டுனப்ப நான் தலையவே தூக்கல. குனின்னு சொன்னாங்க, குனிஞ்சிக்கிட்டே இருந்தேன்," என்றார் அக்கா. "அப்ப அவருக்கும் நடுங்கியிருக்கும், இல்ல?"